மாண்ட்ரியலில் ஒரு சாவிக்கொத்து கைமாறிய கதை

சனிக்கிழமை, பிற்பகல் 3.40. மாண்ட்ரியல் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு விலகியதும் மூக்குக்குள் இருந்த ஈரம் அப்படியே உறைந்தது. மைனஸ் பத்தொன்பது என்று என் மகள் கவிதா சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வேறு. மதுரையில் மார்கழிக் காலையில் பால் வாங்க இறங்கினாலே தலையில் மப்ளர் கட்டுகிறவள் நான். திரும்பிப் போகும் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்து என்றாள்.

நகருக்குள் போக 747 என்ற பேருந்து. கட்டணம் பதினொரு டாலர். அதே சீட்டில் இருபத்துநான்கு மணி நேரம் எல்லா பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகலாம். லியோனல்-குரூ நிலையத்தில் இறங்கி ஆரஞ்சுத் தடம், ஸ்னோடனில் மாறி நீலத் தடம், பார்க் நிலையத்தில் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டிகளோடும் ஒரு முறுக்கு டின்னோடும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. போகிறவர்கள் முறுக்கு டின்னைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

ஸ்னோடனில் ரயில் மாறியபோது கவிதா மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. எங்க பில்டிங்ல தேர்தல். நீ நடத்திக் குடுக்கணும்."

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏழு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வந்தவனின் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் சுற்றிப்பார்க்க வந்த ஊரில் தேர்தல் வேலையா என்று கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக, உள்ளுக்குள் கொஞ்சம் குஷியும் வந்ததை மறைக்கப்போவதில்லை.

கவிதா இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு. மூன்று மாடிச் செங்கல் கட்டடம், இருபத்துநான்கு வீடு. குடியிருப்பவர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகம், வீட்டுக்கு ஒரு வாக்கு. பதினொரு வீடு யாழ்ப்பாணத் தமிழர்கள். ஹெயிட்டிக்காரர்கள் நான்கு, வங்காளதேசத்தார் மூன்று, பஞ்சாபியர் இரண்டு, கொங்கோவிலிருந்து வந்தவர்கள் இரண்டு, சிலி நாட்டுப் பெரியவர் ஒருவர், கடைசியாகச் சேர்ந்த என் மகள். அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு சர்வாதிகாரியிடமிருந்தோ ராணுவத்திடமிருந்தோ தப்பி வந்தவர்கள். அப்படித் தப்பி வந்தவர்கள் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆளைத் தலைவராக வைத்திருந்தார்கள். அவர் பெயர் சிவபாதம்.

"தேர்தலே நடக்காதா?" என்றேன்.

"வருஷா வருஷம் நடக்கும்மா. 'போட்டி இருக்கோ?'ன்னு கேப்பார். கேட்டு முடிக்கிறதுக்குள்ள கை தட்டிருவாங்க. ஏகமனதுன்னு எழுதிருவாங்க. உடனே வடை வந்துரும். போன வருஷம் ரோசலின் கையைத் தூக்கினாங்க. அதுக்குள்ள வடை வந்துருச்சு."

ரோசலின் ஹெயிட்டிப் பெண்மணி, முதியோர் இல்லத்தில் தாதி. அவரும் இன்னும் பத்து வீட்டாரும் இந்த வருடம் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நடத்துகிறவர் தமிழராக இருந்தால் சம்மதம் என்று சிவபாதம் சொன்னார். கட்டடத்தில் வீடில்லாத ஆளாக இருந்தால் சம்மதம் என்று ரோசலின் சொன்னார். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே ஆளான நான் அந்தச் சமயம் தோகாவுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே ஆள்! மதுரையில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துச் சங்கத்துக்கு நானும் பதினொரு வருடமாகத் தலைவிதான். ஆனால் அது வேறு விஷயம். அங்கே வேறு யாரும் முன்வருவதில்லை.

ஞாயிறு, காலை 11. ஜான்-டாலோன் தெருவில் குளிர்காலக் காலணி வாங்கினோம். எண்பத்தொன்பது டாலர், வரி தனி. ரூபாயில் மாற்றிப் பார்க்காதே என்று கவிதா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். மாற்றிப் பார்த்தேன், வயிறு எரிந்தது. அட்டைப்பெட்டி கனமாக, நல்ல மூடியோடு இருந்தது. தூக்கிப் போட வேண்டாம் என்றேன். வாக்குப்பெட்டி கிடைத்துவிட்டது.

அந்தத் தெருவில் நடந்தால் ஊரை விட்டு வந்த நினைப்பே இல்லை. புடவைக்கடை, முருங்கைக்காய், கொத்துரொட்டி, நடுநடுவே கிரேக்கக் காப்பிக்கடை. மேற்கே பத்து நிமிடம் நடந்தால் அக்காடி சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் கம்பிவேலி, வேலிக்குப் பின்னால் செடி, செடிக்குப் பின்னால் பெரிய பெரிய வீடுகள். பணக்கார நகரசபை தன் எல்லையில் போட்டுக்கொண்ட வேலியாம். பல மொழி பேசுகிற ஏழைத் தெருக்கள் இந்தப் பக்கம், அமைதி அந்தப் பக்கம். நம்மூரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய், பகல் 2. கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் சிலி நாட்டுப் பெரியவரைச் சந்தித்தேன். பெயர் ஏர்னெஸ்தோ, வயது எழுபத்தாறு. இயந்திரம் சுற்றி முடிய நாற்பது நிமிடம். உடைந்த ஆங்கிலத்தில் இருவரும் பேசினோம். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே இடங்களில் உடைந்திருந்தது வசதியாகப் போயிற்று.

"எங்கள் ஜெனரல் வாக்குச்சீட்டில் தோற்றார்" என்றார். "துப்பாக்கி முழுக்க அவர் கையில் இருந்தது, இருந்தும் தோற்றார், போனார். உலகமே கை தட்டியது. ஆனால் அவர் எங்கே போனார் தெரியுமா? அடுத்த அறைக்கு. இன்னும் பல வருடம் படைத்தலைவராகவே இருந்தார். அதுதான் விலை."

"அதை எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?"

"பொறுத்துக்கொள்ளவில்லை. நான் இங்கே வந்துவிட்டேன். அங்கே இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். என் தம்பியைக் கூட்டிப்போனார்கள், அவன் திரும்பி வரவேயில்லை. அதற்காக ஜெனரலைத் தோற்ற மறுநாளே தூக்கில் போட வேண்டும் என்று நினைத்தவன் நான். போட்டிருந்தால் இன்னும் எத்தனை தம்பிகள் போயிருப்பார்களோ. எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது." துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "தோற்கிறவனுக்கு மறுநாள் காலையில் எழுந்திருக்க ஓர் இடம் வேண்டும், மேடம். அது இல்லையென்றால் அவன் தோற்கவே சம்மதிக்க மாட்டான். ஆனால் அந்த இடத்தை எவ்வளவு நாளைக்கு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்."

இருபத்துநான்கு வீட்டுத் தேர்தலுக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று அப்போது தோன்றியது.

வெள்ளி, காலை 9. சிவபாதம் என்னை முருகன் கோயிலுக்குத் தன் காரில் கூட்டிப்போனார். கோயில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், சான்-ரெஜி சாலையில் இருக்கிறது. நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சிவபாதத்துக்கு வயது எழுபத்தொன்று, ஒல்லி, இடது முழங்காலில் துணிப்பட்டை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. ஒன்றிலும் அடையாளம் இல்லை.

வழியில் கட்டடத்தின் கதையைச் சொன்னார். பழைய சொந்தக்காரன் எல்லோரையும் வெளியேற்றப் பார்த்தானாம். இவர்தான் வீடு வீடாகப் போய், பிரெஞ்சில் கடிதம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கட்டடத்தைக் கூட்டுறவாக மாற்றினார். பனி அள்ளுவதும் இவர், வீடுகளைச் சூடாக்கும் பாய்லரைப் பார்ப்பதும் இவர், பிரெஞ்சு தெரியாதவர்களின் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் இவர். பொய்யில்லை, கவிதாவும் இதைச் சொல்லியிருந்தாள். அவருக்குக் காலை வணக்கம் சொல்பவர் வீட்டுக் குழாய் முதலில் சரியாகும், மற்றவர் வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்லியிருந்தாள்.

"ரீச்சர், உங்களிட்டை ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார். "நாங்கள் அங்கை எண்ணிக்கையிலை தோத்த சனம். பாராளுமன்றத்திலை கை தூக்கித் தூக்கியே எங்களை ஒண்டுமில்லாமல் ஆக்கினவங்கள். இஞ்சை வந்துதான் முதல்தரம் நாங்கள் எண்ணிக்கை கூடின ஆக்கள். இதையும் எண்ணித் தோக்கச் சொல்லுறியளோ?"

வாக்குப்பெட்டிக்கு முன்னால் முப்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "சார், சின்ன கூட்டத்துக்கும் இடம் வேணும்னு நீங்க அங்க கேட்டது கிடைக்கல. அத இங்க நீங்க மத்தவங்களுக்குக் குடுக்கலாமே. நாளைக்கு நீங்களே எண்ணிக்கையில குறைஞ்சா உங்களுக்கும் அது உதவும்" என்றேன். அவர் வைப்பரை வேகமாக ஓடவிட்டார்.

கோயிலில் கட்டடத்தின் பெயருக்கு அருச்சனைச் சீட்டு வாங்கினார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். சிவபாதம் கொஞ்சமும் தயங்கவில்லை. "உத்தரட்டாதி, என்ரைதான்" என்றார். சிரிப்பை அடக்க நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது சிரிப்புப் போய்விட்டது. இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோற்றால் தன் நட்சத்திரத்தையே பறிகொடுத்த மாதிரிதான் இருப்பார் என்று பட்டது.

அன்று மாலை வேட்பாளர்கள் இருவரையும், சிவபாதத்தையும் ரோசலினையும், கவிதாவின் சமையலறையில் உட்காரவைத்தேன். வாக்குக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். யார் ஜெயித்தாலும் சரஸ்வதி பூசைக்கும் மற்றவர்கள் பண்டிகைக்கும் கீழ்க்கூடம் உண்டு. அறிவிப்புகள் எல்லா மொழியிலும் ஒட்டப்படும். பழுது பார்ப்பது எழுதிக் கொடுத்த வரிசைப்படி. கடைசி வரியில் சிவபாதம் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். ரோசலின் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, கவிதா மொழிபெயர்த்தாள்.

"எங்கள் நாட்டில் சர்வாதிகாரி அப்பா போனதும் அவன் மகன் வந்தான். மகன் ஓடிய நாளில் தெருவெல்லாம் ஆடினோம், நானும் ஆடினேன். ஆடி முடித்த பிறகு ஆட்சியை யார் நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ராணுவம் நடத்தியது. எனக்கு ஆட்டம் வேண்டாம். ஒழுங்கான திங்கட்கிழமை ஒன்று வேண்டும்."

வாக்குச்சீட்டில் எந்த மொழியில் பெயர் போடுவது என்று தகராறு வரும்போல் இருந்தது. சின்னம் போட்டுவிடலாம் என்றேன். ரோசலின் பனி வாரும் மண்வெட்டியைக் கேட்டார். சிவபாதம் சாவியைக் கேட்டார். சாவி பொதுச்சொத்து, தரமுடியாது என்று மறுத்தேன். முகம் தொங்கப் போனவர் குத்துவிளக்குக்கு ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு, பிற்பகல் 2. வெளியே மைனஸ் இருபத்துநான்கு. கீழ்க்கூடத்தில் இருபத்துநான்கு வீட்டாரும் வந்திருந்தார்கள். முதல் வேலையாக வடையை ஒரு ஓரத்தில் வைத்துத் துணி போட்டு மூடச் சொன்னேன். எண்ணி முடிக்கும் வரை யாரும் தொடக்கூடாது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

காலணிப் பெட்டியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, உலுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். காலியான பெட்டியைக் காட்டாமல் ஒரு வாக்குச்சாவடியையும் நான் திறந்ததில்லை. ஒரு கொங்கோக்காரர் பெட்டிக்குள் கைவிட்டுத் தடவியே பார்த்தார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மூடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் காகித நாடா ஒட்டி, நாடாவின் மேல் இருவர் கையெழுத்தையும் வாங்கினேன்.

மறைப்புக்கு ஒரு கம்பளி கட்டியிருந்தோம். ஒவ்வொரு வீடாக வந்தார்கள். சிவபாதத்தின் வீட்டு முறை வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கு நானே போடுறது வடிவில்லை" என்று சொல்லி மனைவி தவமணியை அனுப்பினார். அவ்வளவு மரியாதை பார்க்கிற மனிதர்.

மாலை 4 மணிக்கு எண்ணினேன். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, மேசையில் இரண்டு அடுக்காக வைத்தேன். மண்வெட்டி பதினான்கு. விளக்கு பத்து.

யாரும் கை தட்டவில்லை. ரோசலின் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவபாதம் மெதுவாக எழுந்தார்.

"எங்கட ஆக்கள் பதினொரு வீடு" என்றார். "விளக்குக்குப் பத்து."

கூடத்தில் இருந்த தமிழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு நொடியில் அங்கே வந்த பயத்தை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கும் பார்வை எப்படி இருக்கும் என்று அந்த மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆர் அது? இப்ப சொல்லவேணும்."

"சீட்டை ஒருக்கால் பாக்க விடுங்கோ ரீச்சர்" என்று இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் கையை நீட்டினார். "பேனை பிடிச்ச விதத்திலை ஆளைப் பிடிக்கலாம்."

இருபத்துநான்கு சீட்டையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டேன், மூடினேன், திரும்ப நாடா ஒட்டினேன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். "என் கையை உடைச்சுட்டு எடுத்துக்கங்க" என்றேன். வகுப்பறைக் குரல் அது. முப்பது வருடமாகப் பழகியது. நீட்டிய கை பின்வாங்கிற்று.

சிவபாதம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் போட்டார். "இந்தாங்கோ, வைச்சிருங்கோ. நான் போறன்." படியேறும் சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது.

மாலை 5.20. சுவரோர வெந்நீர்க் குழாய்கள் ஆறிப்போனதைக் கொங்கோக்காரர்தான் முதலில் கவனித்தார். பாய்லர் நின்றுவிட்டது. ரோசலின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக் கதவுக்கு ஓடினார். முப்பத்தொரு சாவி, ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்பது சாவி போட்டுப் பார்த்தார், ஒன்றும் திரும்பவில்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

"அந்த ஆள்தான் நிறுத்தியிருக்கிறான், போலீசைக் கூப்பிடுங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் பிரெஞ்சில் சொன்னதைக் கவிதா என் காதில் சொன்னாள். இன்னும் இரண்டு குரல் சேர்ந்தது. தமிழர்கள் ஒரு மூலையில் ஒன்றாக நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் ஒருவரை ஒருவர் சந்தேகித்தவர்கள், இப்போது மற்ற எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். வாக்கு சுத்தமாக நடந்திருந்தது, எண்ணிக்கை சுத்தமாக இருந்தது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போகப்போகிறது.

ரோசலின் கையைத் தூக்கினார். "யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். போலீசோடு இறங்கி வந்தால் அவர் எதிரியாகத்தான் வருவார். எனக்கு அவர் மேல்வீட்டுக்காரராக வேண்டும்." கவிதாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார்.

தவமணி கதவைத் திறந்தார். சிவபாதம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரோசலின் ஒரே ஒரு கேள்வி கேட்டார், குரலை உயர்த்தாமல். பதிலை அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"நான் நிப்பாட்டேல்லை, ரீச்சர். முருகன் சத்தியமாய் நிப்பாட்டேல்லை. கடுங்குளிருக்கு அது தானாய் நிக்கும். காலமை அஞ்சுக்கும் பின்னேரம் அஞ்சுக்கும் போய் சிவப்புப் பொத்தானை அமத்தவேணும். ஆறு வருசமாய் நான்தான் அமத்திறனான்."

"ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னால் பிறகு நான் என்னத்துக்கு?"

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. பெரிய பெரிய ஜெனரல்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள், வேறு வார்த்தையில். சிவபாதம் உண்மையாகவே சொன்னார்.

"வாறன், வராமல் என்ன" என்றார். "குழந்தையள் குளிரக்கூடாது. ஆனால் முதலிலை எனக்கு ஆளைச் சொல்லட்டும். எங்கட ஆக்களுக்கை ஆர் எனக்குப் போடாமல் விட்டது?"

"நான்தான்" என்றார் தவமணி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் மண்வெட்டிக்குப் போட்டனான். உங்கட முழங்கால் ஏலாது. ஆறு வருசமாய் விடிய அஞ்சு மணிக்கு இந்தக் கதவடியிலை நிக்கிறன், நீங்கள் திரும்பி ஏறி வாற சத்தம் கேக்குதோ எண்டு. ஒருக்கால் விழுந்து கிடந்ததை மறந்துபோனியளோ? ஊருக்குத் தலைவர் வேணுமெண்டால் ஊர் பாக்கட்டும். எனக்கு மனுசன் வேணும்."

அது உண்மையா, மற்றப் பத்து வீட்டாரையும் காப்பாற்றச் சொன்னதா, எனக்குத் தெரியாது. பெட்டி என்னிடம் இருந்தது, நான் பார்க்கவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. சிவபாதம் மனைவியை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கைத்தாங்கலுக்கு ரோசலினின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பாய்லர் அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்தே எடுத்தார். ஆனால் பொத்தானை அவர் அமுக்கவில்லை. "நீங்கள் அமத்துங்கோ, மூண்டு எண்ணும்வரைக்கும் விடக்கூடாது" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் சொன்னார். ரோசலின் அமுக்கினார். நெருப்புப் பிடிக்கும் ஓசை கேட்டதும் வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு முதல் கைதட்டல் பாய்லருக்குத்தான்.

அதற்குப் பிறகு மாடி மாடியாகப் போனோம். அவர் ஒவ்வொரு சாவியாகச் சொல்ல, ரோசலின் நாடாவில் பிரெஞ்சில் எழுத, நான் அடியில் தமிழில் எழுதி ஒட்டினேன். கூடம், குப்பையறை, மொட்டைமாடி, தண்ணீரை மூடும் வால்வு, மண்வெட்டி வைக்கும் அறை. மூன்று சாவிகளுக்குப் பூட்டே இல்லை. எதற்கு என்று கேட்டேன். "கொத்து பாரமாய் இருக்கட்டும் எண்டுதான்" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார்.

பாய்லர் சாவியைக் கொஞ்ச நாளைக்கு அவரே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார் ரோசலின். படியில் நின்றிருந்த ஏர்னெஸ்தோ உடனே, "எத்தனை நாள்? எழுதுங்கள், தேதி போடுங்கள்" என்றார். ஒரு மாதம் என்று எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டார்கள். வடை ஆறிப்போயிருந்தது. ஆனாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான்காம் சனிக்கிழமை, காலை 10. கிளம்பும் நாள். வாசல் பலகையில் ஐந்து மொழியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தமிழில் இரண்டு எழுத்துப்பிழை, திருத்திவிட்டேன். சிவபாதம் தடியூன்றி வாசலில் நின்று, மூன்றாவது படியில் பனி சரியாக வாரப்படவில்லை என்று ரோசலினிடம் புகார் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை எண் ஏழு என்று ரோசலின் சொன்னார். "பாத்தியளோ ரீச்சர், எனக்கே ஏழாம் நம்பர்" என்றார் சிவபாதம். குரலில் குறையும் இருந்தது, உற்சாகமும் இருந்தது.

வேண்டாமென்றும் கேளாமல் மெட்ரோ வரை ஒரு பெட்டியை இழுத்து வந்தவர், பார்க் நிலைய வாசலில் நின்று கேட்டார். "உங்கட ஊரிலை நீங்களும் ஏதோ சங்கத் தலைவி எண்டு பிள்ளை சொல்லிச்சுது. எத்தினை வருசம்?"

"பதினொன்னு."

"எதிர் ஆர்?"

"யாருமில்ல சார். ஏகமனதுதான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். குளிரில் இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. மைனஸ் பதினெட்டில் முகம் சுடுவது சாதாரண விஷயமில்லை.

மதுரை வந்த மறுவாரம் அறிவிப்பு ஒட்டினேன். ரகசிய வாக்கு, எதிர்த்து நிற்பவர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் தேர்தல் தள்ளிப்போகும். எல்லோரும் எதற்கு டீச்சர் இதெல்லாம் என்றார்கள். கடைசியில் முதல் தளத்து வங்கி ஊழியர் ஒரு பெண் நின்றாள். ஸ்கூட்டரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்காக நான் பலமுறை திட்டியவள். முப்பத்தாறு வீட்டில் முப்பத்திரண்டு வாக்கு விழுந்தது. பதினெட்டுக்குப் பதினான்கு என்று தோற்றேன்.

மாண்ட்ரியலிலிருந்து கொண்டுவந்த மிச்ச நாடாவில் எழுதி ஒட்டி, சாவிகளை அன்றைக்கே அவளிடம் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. "டீச்சர், ஒண்ணு தவிர எல்லாச் சாவிலயும் எழுதியிருக்கு. அதுதான் மோட்டார் ரூம் சாவியா? தண்ணி ஏத்தணும்."

எழுத மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். நான் மறக்கவில்லை. நாடாவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.